லண்டன் டு டார்வின்... 19 நாள் பறந்த ஏமி!

லண்டன்ல விமானம் ஏறினா, சுமார் 17 மணி நேரத்துல ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துல இறங்கிடலாம். நடுவில் எங்கேயும் நிற்காது. 1930-ல் அதே ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த ஏமி ஜான்சனுக்கு 19 நாள் ஆச்சு. தூரம், சுமார் 18,000 கி.மீ!

ஹல் நகரத்து மீன் வியாபாரியின் மகள் ஏமி. லண்டனில் வக்கீல் ஆபீஸ் வேலை. விமானம் ஓட்டக் கத்துக்கிட்டதோட நிக்காம, இன்ஜினைப் பிரிச்சு மேயுற லைசென்ஸும் வாங்கினார். அதுதான் பின்னாடி கைகொடுத்தது.

மே 5-ம் தேதி, 'ஜேசன்' என்று பெயர் வைத்த பழைய ஜிப்ஸி மோத் விமானத்தில் கிளம்பினார். திறந்த காக்பிட், ரேடியோ கிடையாது. பதினைந்தரை நாள் என்ற பெர்ட் ஹிங்க்லரின் சாதனையை முறியடிக்கணும். ஆறே நாளில் கராச்சி! ஹிங்க்லரைவிட ரெண்டு நாள் முந்தியாச்சு. ஆனா, ரங்கூன் பக்கம் ஒரு விளையாட்டு மைதானத்துல இறங்கும்போது விமானம் பள்ளத்தில் பாய்ந்தது. ரிப்பேரிலேயே நாள்கள் ஓடிப்போச்சு. மே 24-ல் டார்வின் வந்தபோது சாதனை கைநழுவியிருந்தது. ஆனாலும், தனியாக அங்கே பறந்துபோன முதல் பெண் அவர்தான்.

1941 ஜனவரி 5. போர்க்காலம். பிளாக்பூலில் இருந்து ஆக்ஸ்போர்டு பக்கம் ஒரு விமானத்தைக் கொண்டுபோய் விடணும். ரெண்டு மணி நேரம்கூட ஆகாத தூரம். மோசமான வானிலையில் வழி தவறி, தேம்ஸ் முகத்துவாரத்தில் பாராசூட்டில் குதித்தார். அப்போது வயது 37. உடல் கிடைக்கவே இல்லை.