இமாசலம் சமைத்த பர்மார்

மலையையும் மலை சார்ந்த நிலத்தையும் குறிஞ்சி எனப் பெயரிட்டு, அந்நிலத்து மக்களுக்கெனத் தனித் தெய்வமும், உணவும், பறையும், யாழும் வகுத்து வைத்தவர் நம் முன்னோர். நிலம் மாறினால் மனிதன் உண்பதும் பாடுவதும் மாறும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். அங்ஙனம் மலையால் உருவாக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டம், தன்னைத் தான் உணர்ந்து, தனக்கென ஒரு மாநிலத்தைப் பெற்ற வரலாறு சென்ற நூற்றாண்டில் நம் நாட்டின் வடகோடியில் நிகழ்ந்தது. அவ்வரலாற்றின் நாயகர் இமாசலப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர் டாக்டர் யஷ்வந்த் சிங் பர்மார். மும்பைத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் ஆண்டு மலரில் இமயமலைத் தலைவருக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவலாம். விடை அவர்தம் வாழ்க்கையின் நடுப்பகுதியில் இருக்கிறது. அதுவரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

பர்மார் 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் சிர்மூர் சமஸ்தானத்தில், சன்ஹாலக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சிவானந்த சிங் பண்டாரி, சிர்மூர் அரசரிடம் பணிபுரிந்தவர். அக்காலத்தில் மலைநாட்டுப் பிள்ளை மேற்கல்வி கற்க வேண்டுமாயின் மலையை விட்டுக் கீழே இறங்கியே தீரவேண்டும். நாஹன் நகரில் பள்ளிப் படிப்பை முடித்த பர்மார், லாகூருக்குச் சென்று பட்டம் பெற்றார். பின்னர் லக்னோவில் எம்.ஏ. பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். இவ்வளவும் கற்ற பின் சமவெளி நகரம் ஒன்றில் வக்கீலாக அமர்ந்து பொருளீட்டியிருக்கலாம். அவரோ சொந்தச் சமஸ்தானத்திற்கே திரும்பி, அங்கு நீதித்துறையில் சேர்ந்து, மாவட்ட நீதிபதியாகவும் உயர்ந்தார்.

அந்நாளைய மலைச் சமஸ்தானங்களின் நிலையை இங்குச் சிறிது கூறுதல் வேண்டும். சிம்லாவைச் சுற்றிலும் சிறியனவும் பெரியனவுமாகப் பல அரசுகள் இருந்தன. சில அரசுகள் நம் பக்கத்து ஜமீன்களைக் காட்டிலும் சிறியவை. குடிகள் அரசனுக்குக் கூலியின்றி உழைக்கும் பேகார் என்னும் வழக்கம் எங்கும் இருந்தது. அரசன் வேட்டைக்குப் புறப்பட்டால் சுமை தூக்கவும், வெள்ளைக்கார அதிகாரி வந்தால் பல்லக்குச் சுமக்கவும் உழவன் தன் வயலை விட்டு ஓடி வரவேண்டும். இத்தகைய ஆட்சியில் நீதிபதியாக இருப்பவர் நேர்மையுடன் நடந்தால் அரசனோடு முரண்படாமல் இருத்தல் அரிது. பர்மாரும் முரண்பட்டார், 1941இல் பதவியைத் துறந்து சிர்மூரை விட்டு வெளியேறினார்.

பதவி போயிற்றே என்று அவர் சோர்ந்துவிடவில்லை. இமயமலைப் பகுதியில் உடன்பிறந்தார் பலர் ஒருத்தியையே மணந்து வாழும் வழக்கத்தைப் பற்றி ஆராய்ந்து, 1944இல் லக்னோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பாஞ்சாலியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. நம் நீலகிரித் தோடரிடையேயும் இவ்வழக்கம் இருந்தது. இவ்வாராய்ச்சியில் நான் வியப்பது வேறொன்று. கற்றவர் பலர், தம் மக்களின் பழைய வழக்கங்களைப் பிறர் நகைப்பார்களோ என்று அஞ்சி மறைப்பர். அல்லது தாமே முந்திக்கொண்டு பழிப்பர். பர்மார் மறைக்கவும் இல்லை, பழிக்கவும் இல்லை. சரிவான மலையில் துண்டு துண்டாகக் கிடக்கும் நிலத்தையும், அதை நம்பி வாழும் குடும்பங்களின் பொருள்நிலையையும் வைத்து அவ்வழக்கத்தை விளக்க முற்பட்டார். தன் மக்களை உள்ளவாறே காணும் துணிவு அவருக்கு இருந்தது.

இனி, முன்னர்ச் சொன்ன நடுப்பகுதிக்கு வருவோம். சிர்மூரை விட்டுத் தில்லி வந்த பர்மார், 1943 முதல் 1946 வரை அங்கு வாழ்ந்த சிர்மூர் மக்களின் சங்கத்திற்குச் செயலாளராக இருந்தார். ஆம், நம்மைப் போன்றே பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்தவர்களின் சங்கந்தான் அது. சந்தாத் தொகைக்கு வீடு வீடாக நடப்பதும், கூட்டத்திற்கு ஆள் சேர்ப்பதும், ஊரில் நடந்த சாவு வாழ்வுச் செய்திகளைப் பகிர்ந்துகொள்வதும் எந்தச் சங்கச் செயலாளருக்கும் நேரும் பாடுதான் என்பதை இம்மலரைக் கையில் வைத்திருக்கும் நம் செயற்குழுவினர் நன்கறிவர். ஊரிலிருக்கும்போது நாம் இன்ன கிராமத்தார், இன்ன சாதியார் என்றே நம்மை எண்ணுகிறோம். தொலைவுக்கு வந்த பின்னரே நெல்லைச் சீமையாரும் சேலத்தாரும் தஞ்சையாரும் தமிழர் என்னும் ஒரு பெயருக்குள் அடங்குகின்றனர். தாராவியிலும் மாதுங்காவிலும் நாம் கண்ட உண்மை இது. சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்த மலைமக்கள் அனைவரும் ஒரே மக்கள் என்னும் எண்ணம் பர்மாருக்கு வலுப்பெற்றதில் இத்தில்லி வாழ்க்கைக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

1947இல் நாடு விடுதலை பெற்றது. மலை அரசுகள் என்னாவது என்னும் கேள்வி எழுந்தது. அரசர்கள் சிலர் தம் ஆசனத்தைக் காத்துக்கொள்ள வழி தேடினர். அவ்வரசுகளில் மக்களாட்சி கேட்டுப் போராடிய பிரஜா மண்டல இயக்கத்தினர், அரசுகள் அனைத்தும் இந்திய ஒன்றியத்தில் இணைந்து ஒரே மலை மாகாணமாக வேண்டும் என்றனர். 1948 பிப்ரவரியில் பர்மார், பண்டித பதம் தேவ் முதலியோர் தலைமையில் சுகேத் சமஸ்தானத்தில் சத்தியாகிரகம் தொடங்கிற்று. தொண்டர்கள் ஒவ்வொரு காவற்சாவடியாகக் கைக்கொண்டு, ஒரு வார காலத்தில் தலைநகராகிய சுந்தர்நகரை அடைந்தனர். பிற அரசர்களுக்கும் காலத்தின் போக்கு விளங்கிற்று. 1948 ஏப்ரல் 15ஆம் நாள் 30 சமஸ்தானங்கள் ஒன்றாகி இமாசலப் பிரதேசம் பிறந்தது. அப்போது அது தில்லியின் நேரடி ஆட்சியில், சீப் கமிஷனர் ஒருவரின் பொறுப்பில் இருந்த சிறு பகுதியே. பர்மார் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்து அதற்காகப் பேசி வந்தார்.

நாட்டின் முதற் பொதுத் தேர்தலில் முதல் வாக்குகள் விழுந்தது இம்மலைநாட்டில்தான் என்பதை இளைஞர் பலர் அறியார். பனி மூடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று, கின்னௌர்ப் பகுதியில் 1951 அக்டோபரிலேயே வாக்குப்பதிவு நடத்தினர். அத்தேர்தலின் பயனாக 1952 மார்ச்சு 24ஆம் நாள் பர்மார் முதலமைச்சரானார். பெரும் நிலவுடைமைகளை ஒழிக்கும் சட்டத்தை 1953இலேயே அவரது அரசாங்கம் இயற்றிற்று. 1954இல் பிலாஸ்பூரும் வந்து சேர்ந்தது. சாலையே மலைநாட்டின் உயிர்நாடி என்பது அவர் கொள்கை. ரயில்வேயில் பணிபுரியும் எனக்கு இதில் ஓர் உண்மை புலப்படுகிறது. 1903இல் வெள்ளையர் கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கிலோமீட்டர் குறுகிய இருப்புப்பாதையை, நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளைக் குடைந்து அமைத்தனர். இன்றும் உலகோர் வியக்கும் வேலை அது. 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அது அமைந்தது வைசிராய் கோடையில் குளிர்காய்வதற்கு. மன்னிக்க, வெயிலுக்கு ஒதுங்குவதற்கு. சிம்லாவுக்கு அப்பால் இருந்த மலைக் கிராமத்தான் தன் உருளைக்கிழங்கு மூட்டையை முதுகிலேயே சுமந்தான். அவன் வாசலுக்குச் சாலை போட்டது பர்மார் காலத்து அரசாங்கம். வேடிக்கை என்னவெனில், அந்தச் சிம்லா நகரமே அப்போது இமாசலத்தைச் சேர்ந்ததன்று. அது பஞ்சாபுக்கு உரியது. இமாசல அரசாங்கம் பிறர் வீட்டில் குடியிருந்தது.

1955இல்தான் பெருஞ்சோதனை வந்தது. மாநிலச் சீரமைப்புக் கமிஷன் தன் அறிக்கையை அளித்தது. இமாசலத்தைப் பஞ்சாபுடன் இணைத்துவிடலாம் என்று பண்டித குன்ஸ்ருவும் சர்தார் பணிக்கரும் பரிந்துரைத்தனர். தலைவர் பசல் அலி மட்டும் தனிக்குறிப்பு எழுதி அது தனித்தே இருக்க வேண்டும் என்றார். இணைப்பை வேண்டியவர்களின் வாதம் எளிதானது. வருவாய் இல்லை, மக்கள் தொகை சிறிது, ஒரே மொழி என்று சொல்லவும் வழியில்லை. சிர்மூரி, மண்டியாலி, சம்பியாலி, கின்னௌரி என்று பள்ளத்தாக்குக்கு ஒரு பேச்சு. மொழியைக் கொண்டு மாநிலம் கேட்ட ஆந்திரரைப் போலவோ நம்மைப் போலவோ இவர்கள் கேட்க இயலவில்லை. மலையில் வாழ்வோரின் உழவும் உடையும் துன்பமும் ஒன்று, சமவெளியின் பெருங்கூட்டத்தில் கரைந்தால் எங்கள் குரல் எவர் செவிக்கும் எட்டாது என்பது ஒன்றே அவர்கள் வாதம்.

மத்திய அரசு இமாசலத்தைத் தனியே விட்டது. ஆனால் அதற்கு விலை கேட்டது. 1956 நவம்பர் 1ஆம் நாள் அது சட்டசபையற்ற மத்திய ஆட்சிப் பகுதி ஆயிற்று. பர்மாரின் அமைச்சரவை விலகிற்று. அந்நாளை நாம் மறக்கக்கூடுமோ? அதே நாளில்தான் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் நம்மோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் ஆகிய மலை வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. நாடெங்கும் மாநிலங்கள் பிறந்த நாளில் இமாசலத்தார் தம் சட்டசபையை இழந்தனர். பஞ்சாபுடன் சேரச் சம்மதித்திருந்தால் பெரிய மாநிலத்தில் தமக்கும் தம் நண்பர்க்கும் அமைச்சர் பதவிகள் கிடைத்திருக்கும் என்பது பர்மாருக்குத் தெரியாததன்று. பதவி போகட்டும், பெயர் நிற்கட்டும் என்று அவர் துணிந்தார். அவர் வாழ்வில் நான் பெரிதும் போற்றுவது இதனையே.

அடுத்த ஏழாண்டுகள் காத்திருப்பில் கழிந்தன. 1957இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தில்லியில் அமர்ந்தார். அவர் கல்லெறியத் தூண்டியதாகவோ, பஞ்சாபியரைப் பகைத்ததாகவோ வரலாறு இல்லை. வாதாடினார், மனு அளித்தார், மீண்டும் வாதாடினார். 1963 ஜூலை 1இல் சட்டசபை திரும்பக் கிடைத்தது; பர்மார் மீண்டும் முதலமைச்சரானார். 1966 நவம்பர் 1இல் பஞ்சாப் பிரிக்கப்பட்டபோது காங்கடா, குலு, லாஹுல் ஸ்பிதி, சிம்லா முதலிய மலைப் பகுதிகள் இமாசலத்தோடு சேர்ந்தன. பஞ்சாபுக்குள் கரைய இருந்த சிறு நாடு பஞ்சாபின் மலைகளையும் பெற்று ஏறக்குறைய இரு மடங்காயிற்று. 1971 ஜனவரி 25ஆம் நாள், சிம்லாவின் ரிட்ஜ் மைதானத்தில் பனி பொழிந்துகொண்டிருக்க, பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் இமாசலத்தை இந்தியாவின் 18ஆவது மாநிலமாக அறிவித்தார். கொட்டும் பனியிலும் மக்கள் திரள் கலையாமல் நின்று கேட்டது.

பர்மார் மலைநாட்டுக் கம்பளி அங்கியாகிய லோயியாவை அணிவதில் பெருமை கொண்டார். படித்த மலையாளி, அஃதாவது மலைநாட்டவன், தன் வீட்டுப் பேச்சையும் உணவையும் குறித்துக் கூசிய காலம் அது. சமவெளிக்காரர் மலைக்காரனைப் பாத்திரம் துலக்கும் வேலைக்காரனாகவே கண்டு பழகியிருந்தனர். முதலமைச்சரே லோயியா அணிந்து மன்றத்தில் அமர்ந்தால் அக்கூச்சம் தானே நீங்கும் அல்லவா? மலை மொழிகளையும் கலைகளையும் வளர்க்கும் அகாடெமி ஒன்றும் அவர் ஆட்சியில், 1972இல், தோன்றிற்று. இங்கே செம்பூரிலும் மாதுங்காவிலும் வளரும் நம் குழந்தைகள், பள்ளித் தோழர் முன் அம்மாவிடம் தமிழில் பேச நாணுவதைக் காணும்போது எனக்கு அந்த லோயியா நினைவுக்கு வருகிறது.

இந்தப் பெருமையும் பிற்காலத்தில் பிளவுபட்டது என்பதை மறைத்தல் கூடாது. பச்சைத் தொப்பி ஒரு கட்சிக்கும் மெரூன் தொப்பி மற்றொரு கட்சிக்கும் அடையாளமாகி, மேல் மலை கீழ் மலை என்று வாக்குக் கேட்கும் நிலை வந்தது. அது பர்மாருக்குப் பின் நிகழ்ந்தது.

அவர் காலத்துச் செயல்களுள் நம்மைப் போன்றோர் நின்று சிந்திக்க வேண்டியது 1972ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம். அதன் 118ஆவது பிரிவின்படி, இமாசலத்தில் உழவர் அல்லாத எவரும் அரசின் அனுமதியின்றி நிலம் வாங்க இயலாது. பணம் படைத்த வெளியார் வந்து மலைச்சரிவை எல்லாம் விலைபேசிவிட்டால், மலைக்காரன் தன் மண்ணிலேயே கூலியாவான் என்ற அச்சமே இதற்குக் காரணம். அவ்வச்சம் நியாயமானது, நீலகிரியின் இன்றைய நிலையைக் கண்டவர் மறுக்கமாட்டார். ஆயினும் அச்சட்டத்தின் முன், தலைமுறை தலைமுறையாகச் சிம்லாவில் கடை வைத்துப் பிழைக்கும் குடும்பமும் உழுநிலம் இல்லையேல் வெளிக் குடும்பமே. வெளியார் என்னும் சொல் நம் காதில் எப்படி ஒலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இம்மாநகரை மராட்டியர் தம் தலைநகராகப் பெறுவதற்கு நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரீந்தனர். அம்மாநிலம் 1960இல் அமைந்தது; ஆறாண்டுகளுக்குள் தென்னாட்டார்க்கு எதிரான கிளர்ச்சி எழுந்ததையும் நம் பெரியோர் கண்டனர். மண்ணின் மக்களுக்குரிய பாதுகாப்பும் வந்து உழைப்போர்க்குரிய இடமும் எங்கே சந்திக்கின்றன? பர்மாரின் சட்டத்தை நான் ஒரு நாள் ஒப்புகிறேன், மறுநாள் ஐயுறுகிறேன். மலைநாட்டுக்குத் தேவையான வேலி மாநகருக்கும் தேவை என்று மட்டும் என்னால் ஒப்ப முடியவில்லை.

1977 ஜனவரியில் பர்மார் முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். விலகியபின் சிம்லா நிலையத்தில் சாதாரணப் பேருந்தில் ஏறித் தம் கிராமத்திற்குச் சென்றார் என்று இமாசல மக்கள் இன்றும் சொல்லி மகிழ்கின்றனர். பதினெட்டு ஆண்டுகள் வரை ஆட்சி செய்தவரின் வங்கிக் கணக்கில், 1981 மே 2ஆம் நாள் அவர் மறைந்தபோது, ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாயே இருந்தது என்பதும் அங்கு வழங்கும் செய்தி. சோலனை அடுத்த நௌணியில் 1985இல் நிறுவப்பட்ட தோட்டக்கலை, வனவியல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மழைக்காலம் முடியும் தறுவாயில் நம் கடைவீதிகளுக்கு வரும் இமாசல ஆப்பிள்கள், ஒரு காலத்தில் அவன் முதுகில் மூட்டை ஏறிய அதே மலைப்பாதைகள் சாலைகளான பின்னரே லாரி ஏறி இங்கு வந்து சேர்கின்றன.