மலைவழி நடந்த மியூர்

ஜான் மியூர், ஸ்காட்லாந்து நாட்டுக் கடற்கரை ஊராகிய டன்பாரில் 1838-ஆம் ஆண்டு பிறந்தார். 1849-இல் தந்தையாருடன் அமெரிக்கா சென்று, விஸ்கான்சின் மாநிலத்துப் பண்ணையில் உழைத்து வளர்ந்தார். இயந்திரங்கள் அமைப்பதில் அவர் வல்லவர். 1867-இல் இண்டியானாபொலிஸ் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் பணியாற்றுகையில், கைதவறிய அரத்தின் முனை அவர்தம் வலக்கண்ணில் பாய்ந்தது. பல நாள் இருட்டறையில் கிடந்தார். பார்வை மீண்டதும் தொழிற்சாலையைத் துறந்து, மெக்சிகோ வளைகுடாவரை ஏறத்தாழ 1,000 மைல் கால்நடையாகவே சென்றார்.

1868-இல் கலிபோர்னியாவை அடைந்த மியூர், சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்து நடந்தே யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தார். அங்கே இருமருங்கும் கருங்கற் பாறைகள் செங்குத்தாய் நிற்கும். ஓர் அருவி 2,425 அடி வீழும். மியூர் ஆங்கோர் மரமறுக்கும் ஆலையில் வேலை செய்து பிழைத்தார். ஓய்வு வாய்த்தபோதெல்லாம் சிறிது ரொட்டியும் தேயிலையும் எடுத்துக்கொண்டு மலையேறிவிடுவார்.

நிலம் திடீரென அமிழ்ந்தமையால் அப்பள்ளத்தாக்கு உண்டாயிற்று என்பது மாநில நிலவியல் தலைவர் விட்னியின் கொள்கை. மியூரோ, பாறைகள்மீது படிந்த கீறல்களையும் மெருகையும் கண்டு, பனியாறுகளே அதனைக் குடைந்தன என்றார். பட்டம் பெறாத தொழிலாளியின் சொல்லை விட்னி ஏளனம் செய்தார். மியூர் வாதத்தில் இறங்காமல் மீண்டும் நடந்தார். 1872-இல் உயர்மலைப் பனிக்கட்டியில் முளைகளை நட்டு, 46 நாள் கழித்துச் சென்று அளந்தார். ஒரு முளை 47 அங்குலம் நகர்ந்திருந்தது! பனி ஊர்வது மெய்யாயிற்று. ஆற்றின் பங்கை அவர் குறைத்தே மதித்தாரெனினும், பனியாற்றைப் பற்றிய அவர் கருத்தைப் பின்வந்த ஆராய்ச்சி ஏற்றது.

மேல்மலைப் புல்வெளிகளை ஆட்டுமந்தைகள் அழிப்பதையும் அவர் நேரிற் கண்டிருந்தார். அதனைத் தடுக்க ஏடுகளில் எழுதினார். 1890-இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா அமைந்தது. ஆயினும் பள்ளத்தாக்கு மாநிலத்தின் வசமே இருந்தது. 1903-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் அவருடன் மூன்று இரவுகள் திறந்தவெளியில் தங்கினார். ஓரிரவு பனி பொழிந்து போர்வைகளை மூடிற்று. 1906-இல் பள்ளத்தாக்கும் பூங்காவுடன் இணைந்தது.

பூங்காவினுள்ளேயே ஹெட்ச் ஹெட்ச்சி என்னும் மற்றொரு பள்ளத்தாக்கு உண்டு. சான்பிரான்சிஸ்கோவின் குடிநீருக்காக அங்கே அணை கட்ட முயன்றனர். நகரத்தார்க்கு நீர் வேண்டியதே. வேறிடம் நாடலாம் என்பது மியூரின் வழக்கு. பல்லாண்டு போராடியும் 1913-இல் அவர் தோற்றார். மறு ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் உயிர் நீத்தார். 1923-இல் அணை எழுந்தது. அவர் நடந்து திரிந்த புல்தரை நீருள் மூழ்கிற்று.