124 விநாடி மேட்ச்... ஆயுசுக்கும் ரசிகர்கள்! ரேடியோ வழியா ஒரு நாட்டையே பாக்ஸிங் பக்கம் இழுத்த ஜோ லூயிஸ்

1938, ஜூன் 22. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆர்ச்சரி என்கிற குட்டி கிராமம். வெள்ளைக்காரப் பண்ணையார் ஒருவர் தன் வீட்டு ஜன்னலில் ரேடியோவைத் தூக்கி வைக்கிறார். வெளியே மரத்தடியில், அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்கள் கூடி நிற்கிறார்கள். பாக்ஸிங் கமென்ட்ரி கேட்கணும்னு அவங்கதான் அனுமதி கேட்டிருந்தாங்க.

மேட்ச் ஆரம்பிச்ச ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. ஜெயித்தவர் கறுப்பர், தோற்றவர் வெள்ளைக்காரர். மரத்தடியில் ஒரு சத்தம்கூட இல்லை. பண்ணையாருக்கு மரியாதையா நன்றி சொல்லிட்டு அமைதியா நடந்து, தங்கள்ல ஒருத்தர் வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. அப்புறம்தான் வெடிச்சது கொண்டாட்டம். ராத்திரி ரொம்ப நேரத்துக்கு அடங்கவே இல்லை.

இதையெல்லாம் பார்த்துக்கிட்டிருந்த பண்ணையாரின் மகனுக்கு அப்போ 13 வயசு. பேரு ஜிம்மி கார்ட்டர். ஆமா, பின்னாடி அமெரிக்க அதிபரான அதே கார்ட்டர்தான். அந்த ராத்திரியை அவர் மறக்கவே இல்லை, புத்தகத்திலும் எழுதினார்.

மேட்ச்சை ஜெயித்தவர் ஜோ லூயிஸ். நம்மில் பலருக்கு பாக்ஸிங் ஆசை 'சார்பட்டா பரம்பரை'யில் தொடங்கியிருக்கும். சிலருக்கு யூடியூபில் பார்த்த முகமது அலி வீடியோவில். 1930-களின் அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்களுக்கு அந்த ஆசை காது வழியாக வந்தது. அவர்களில் பெரும்பாலானோர் ஜோ லூயிஸை நேரில் பார்த்ததே இல்லை.

வயலின் காசில் பாக்ஸிங்

1914-ல் அலபாமாவில், குத்தகை விவசாயி குடும்பத்தில் பிறந்தவர் லூயிஸ். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. அவருக்கு ரெண்டு வயசு இருக்கும்போதே அப்பாவை மனநலக் காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். பையனுக்குப் பேச்சும் சரியா வராது, திக்கும். 1926-ல் குடும்பம் பிழைப்புத் தேடி டெட்ராய்ட்டுக்கு வந்தது.

பிள்ளை தெருவுல சுத்திக் கெட்டுப்போயிடக் கூடாதுன்னு அம்மா அவரை வயலின் வகுப்பில் சேர்த்துவிட்டார். அம்மா கொடுத்த ஃபீஸ் காசு போனது என்னவோ ப்ரூஸ்டர் ஜிம்முக்கு! பாக்ஸிங் கிளவுஸை வயலின் பெட்டிக்குள் ஒளித்து எடுத்துப்போவார் என்றும் சொல்வார்கள். 'ஜோ லூயிஸ் பாரோ' என்ற முழுப் பெயரில் 'பாரோ' காணாமல் போனதற்கும் இதுதான் காரணம், அம்மாவுக்குத் தெரியாம இருக்கத்தான் என்பது ஒரு கதை. ஃபாரத்துல பெரிய பெரிய எழுத்தா எழுதினதுல இடம் பத்தாமப் போச்சு என்பது இன்னொன்று. எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு.

1932-ல் முதல் அமெச்சூர் மேட்ச். எதிரே நின்றவர் ஒலிம்பிக் வீரர். ரெண்டே ரவுண்டில் ஏழு தடவை கீழே விழுந்தார் லூயிஸ்.

அதே ப்ரூஸ்டர் ஜிம்முக்கு அவரின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாடியே போன ஒரு பொடியன் இருந்தான். பின்னாளில் சுகர் ரே ராபின்சன் என்ற பெயரில் உலகமே கொண்டாடிய சாம்பியன் அவன்தான்.

சிரிக்கக் கூடாது!

1934-ல் புரொஃபஷனல் ஆனார். அங்கதான் சிக்கல். 1908-ல் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் ஜான்சன், அடி வாங்கியவர்களைப் பார்த்துச் சிரித்தார், வெள்ளைக்காரப் பெண்களைக் கல்யாணம் செய்தார். அந்த ஆத்திரத்தில், அவர் 1915-ல் பட்டத்தை இழந்த பிறகு எந்தக் கறுப்பருக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத வாய்ப்பே கொடுக்கவில்லை.

அதனால் லூயிஸின் மேனேஜர் ஜான் ராக்ஸ்பரோ ஒரு பட்டியலே போட்டார். விழுந்தவனைப் பார்த்து சந்தோஷப்படக் கூடாது. வெள்ளைக்காரப் பெண்ணோடு போட்டோவில் நிற்கக் கூடாது. கேமரா முன்னாடி முகத்துல எதையும் காட்டக் கூடாது. 20 வயசுப் பையனுக்கு இதெல்லாம் கொடுமை இல்லையா? உலகத்தையே ஜெயிச்சாலும் சிரிக்கக் கூடாது! வெளியே இறுக்கமான முகத்தோடு திரிந்த மனுஷன், நண்பர்கள் மத்தியில் ஜோக் அடிக்கிற ஜாலி ஆள்.

ஆனால் அவர் அடக்கிவைத்த சந்தோஷத்தை மக்கள் அவருக்கும் சேர்த்துக் கொண்டாடினார்கள். 1935-ல் இத்தாலியின் பிரைமோ கார்னெராவோடு மேட்ச். முசோலினி எத்தியோப்பியா மேல படையெடுக்கத் தயாராகிக்கிட்டிருந்த நேரம். ஆறே ரவுண்டில் கார்னெராவைச் சாய்த்தார் லூயிஸ். அவரின் மேட்ச் நடக்கும் ராத்திரி, அமெரிக்காவின் தென்பகுதியில் ரேடியோ இருக்கிற மளிகைக் கடையில் ஊரே வந்து உட்காரும். நம்ம ஊர் டீக்கடை ரேடியோவில் கிரிக்கெட் கமென்ட்ரி கேட்ட கூட்டம் மாதிரிதான், ஆனா இங்கே பயமும் கூடவே உட்கார்ந்திருக்கும். எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ தன் சுயசரிதையில் அப்படி ஒரு ராத்திரியை விவரித்திருக்கிறார். லூயிஸ் அடி வாங்கினால் தங்கள் இனமே அடி வாங்கியதாகத் துடிக்கிறார்கள். அவர் ஜெயித்த பிறகோ, தூரத்து வீட்டுக்காரர்கள் அன்றிரவு ஊர் திரும்பாமல் அங்கேயே தங்க இடம் தேடுகிறார்கள். வெள்ளைக்காரர் தோற்ற ராத்திரியில் தனியாக நடப்பது ஆபத்து!

இப்படி நெஞ்சு படபடக்க பாக்ஸிங் கேட்டவர்களுக்கு அது எப்படி வெறும் பொழுதுபோக்காக இருக்க முடியும்?

தோல்வியும் பதிலடியும்

1936-ல் வந்தது முதல் தோல்வி. ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங், லூயிஸின் பழைய மேட்ச் ஃபிலிம்களைப் போட்டுப் பார்த்தே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தார். இடது கையால் குத்தியதும் லூயிஸ் அந்தக் கையைக் கீழே இறக்கிவிடுவார். அந்த இடைவெளியில் வலது கையை இறக்கிக்கொண்டே இருந்தார் ஷ்மெலிங். 12-வது ரவுண்டில் நாக்-அவுட். நியூயார்க்கின் ஹார்லெமில் பெரிய ஆம்பளைங்களே தெருவில் உட்கார்ந்து அழுதார்கள்.

அடுத்த வருஷமே ஜேம்ஸ் பிராடாக்கை வீழ்த்தி 23 வயதில் உலக சாம்பியன் ஆனார் லூயிஸ். ஊர் ஊருக்குக் கறுப்பினப் பையன்கள் கிளவுஸ் மாட்டினார்கள். மிச்சிகனில் ஒரு ஒல்லிப் பையன் வயசைக் கூட்டிச் சொல்லி ரிங்குக்குள் ஏறி, ஒரே வெள்ளைக்காரப் பையனிடம் ரெண்டு தடவை தோற்றான். அவன்தான் மால்கம் எக்ஸ்.

ஆனாலும் ஷ்மெலிங்கைத் தோற்கடிக்கும்வரை தான் சாம்பியன் இல்லை என்பதே லூயிஸின் எண்ணம். அந்த மறு மோதல்தான் கார்ட்டர் வீட்டு ரேடியோவில் ஒலித்தது. யாங்கி ஸ்டேடியத்தில் 70,000 பேர். ரேடியோவில் கோடிக்கணக்கானோர். 2 நிமிஷம் 4 விநாடி. அதற்குள் ஷ்மெலிங் மூன்று முறை விழுந்தார். நாஜிகளின் இனப்பெருமைக்கு விழுந்த அடியாக அமெரிக்கா மொத்தமும், வெள்ளையர்களும் சேர்த்துத்தான், அதைக் கொண்டாடியது. பாவம், ஷ்மெலிங் நாஜிக் கட்சி உறுப்பினரே இல்லை. அதே வருஷம் நவம்பரில் யூதர்கள் மீது தாக்குதல் நடந்தபோது, ரெண்டு யூதச் சிறுவர்களைத் தன் அறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர் அவர்.

வரி கட்ட வந்த ரிங்

பட்டத்தை 25 முறை தக்கவைத்தார் லூயிஸ். கிட்டத்தட்ட 12 வருஷம் அவர்தான் சாம்பியன். சம்பாதித்ததை வாரி இறைத்தார். வறுமையில் தன் குடும்பம் வாங்கிய உதவித்தொகையை டெட்ராய்ட் நகரத்துக்கே திருப்பிக் கொடுத்தார். 1942-ல் ஒரு மேட்ச் பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்கும் இன்னொன்றை ராணுவ நிதிக்கும் கொடுத்தார். கறுப்பர்களைச் சமையலறை வேலையிலேயே வைத்திருந்த கடற்படைக்கு எதுக்குக் கொடுக்கணும்னு அவரின் ரசிகர்களே கேட்டார்கள். அப்புறம் ராணுவத்திலும் சேர்ந்து, லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குக் காட்சி மேட்ச்கள் ஆடினார்.

அதே அரசாங்கம் பின்னாடி வரி பாக்கிக்காக அவரைத் துரத்தியது. வட்டியும் அபராதமும் சேர்ந்து 10 லட்சம் டாலரைத் தாண்டியது. 1953-ல் அம்மா இறந்தபோது மகனுக்கு விட்டுப்போன சில நூறு டாலரையும் வரித்துறை எடுத்துக்கொண்டது.

1949-ல் ஓய்வு பெற்றவர் மறுபடி ரிங்குக்கு வந்தது இந்தக் கடனுக்காகத்தான். 1951 அக்டோபரில் எதிரே நின்றவர் ராக்கி மார்சியானோ, லூயிஸைத் தெய்வமாக நினைத்து வளர்ந்தவர். எட்டாவது ரவுண்டில் தன் ஹீரோவை ரிங்குக்கு வெளியே விழும்படி அடித்தார். அப்புறம் லூயிஸிடம் போய் அழுதார். ஒரு ரசிகனுக்கு அதைவிடக் கஷ்டமான வெற்றி இருக்குமா தெரியல.

காசுக்காக மல்யுத்தமும் ஆடினார் லூயிஸ். கடைசிக் காலத்தில் லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸில் விருந்தினர்களை வரவேற்கும் வேலை. வந்தவர்கள் கை குலுக்கினார்கள், போட்டோ எடுத்தார்கள், அந்த 1938 ராத்திரி தாங்கள் எந்த ரேடியோ பக்கத்தில் இருந்தோம் என்பதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பார்த்தவர்களுக்குப் பரிதாபமாகத் தெரிந்தது. லூயிஸுக்கு அப்படித் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். ஜனங்களோடு இருப்பது அவருக்குப் பிடிக்கும்.

1977 இதய ஆபரேஷனுக்குப் பிறகு வீல்சேர்தான். 1981 ஏப்ரல் 11 இரவு, அதே சீசர்ஸ் பேலஸில் லேரி ஹோம்ஸ் - ட்ரெவர் பெர்பிக் ஹெவிவெயிட் மேட்ச். வீல்சேரில் வந்து ரிங் பக்கத்தில் இருந்து பார்த்தார் லூயிஸ். கூட்டம் எழுந்து கைதட்டியது. மறுநாள் காலை மாரடைப்பில் இறந்தார். வயது 66.

ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்ய, விதிகளைத் தளர்த்தி அதிபர் ரீகன் அனுமதி கொடுத்தார். இறுதிச் சடங்கின் செலவில் ஒரு பங்கைக் கொடுத்தவர் மேக்ஸ் ஷ்மெலிங்.