பிரபுல்ல சந்திர ராய்

ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய் (ஆகஸ்ட் 2, 1861 – ஜூன் 16, 1944) வங்காளத்தைச் சேர்ந்த வேதியியலாளர், கல்வியாளர், தொழில் நிறுவனர் ஆவார். பி. சி. ராய் என்று பரவலாக அறியப்படுகிறார். இந்தியாவில் தற்கால வேதியியல் ஆய்வுக்கு அடித்தளம் அமைத்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். நைட்ரைட்டுச் சேர்மங்களைப் பற்றிய இவரது ஆய்வுகள் புகழ்பெற்றவை. முறைசார் மின்சுமை என்னும் கருத்தை விளக்க இன்று பாடநூல்கள் பயன்படுத்தும் நைட்ரைட்டு, அம்மோனியம் ஆகிய அயனிகள், அக்கருத்து தோன்றுவதற்கு முன்பே இவரது ஆய்வுப் பொருளாக இருந்தன.

இளமையும் கல்வியும்

ராய், இன்றைய வங்காளதேசத்தின் குல்னா மாவட்டத்தில் உள்ள ராருளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஹரிஷ் சந்திரர். தாய் புவனமோகினி தேவி. 1870 இல் குடும்பம் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. ஹேர் பள்ளியில் பயின்று வந்தபோது கடும் வயிற்றுக்கடுப்பால் இவரது படிப்பு தடைப்பட்டது. அந்நோயின் பாதிப்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

1882 இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு இவருக்கு ஆசிரியராக இருந்தவர் அலெக்சாண்டர் கிரம் பிரவுன். தனிமக் குறியீடுகளை வட்டங்களுக்குள் இட்டு, அணுக்களுக்கு இடையேயான பிணைப்பைக் கோடுகளால் வரையும் முறையை 1864 இல் வெளியிட்டவர் இவரே. செம்பு, மக்னீசியத் தொகுதி உலோகங்களின் இரட்டைச் சல்பேட்டுகளை ஆராய்ந்து 1887 இல் ராய் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆசிரியப் பணி

1888 இல் தாயகம் திரும்பிய ராய்க்கு உடனே வேலை கிடைக்கவில்லை. 1889 இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் துணைப் பேராசிரியராக மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் சேர்ந்தார். உயர்நிலைக் கல்விப் பணியிடங்கள் பெரும்பாலும் ஐரோப்பியருக்கே வழங்கப்பட்டு வந்ததால், முனைவர் பட்டம் பெற்றிருந்தும் இவர் குறைந்த ஊதியம் கொண்ட மாகாணப் பணியிலேயே அமர்த்தப்பட்டார். ஆயினும் அக்கல்லூரியின் ஆய்வுக்கூடத்தை ஆராய்ச்சி நடைபெறும் இடமாக மாற்றினார். நீல் ரத்தன் தார், ஞான் சந்திர கோஷ், மேகநாத சாகா, சத்தியேந்திர நாத் போஸ் முதலியோர் இவரிடம் பயின்றவர்கள்.

நைட்ரைட்டு ஆய்வுகள்

1896 இல் ராய், நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் பாதரசத்துடன் வினைபுரியச் செய்தபோது மஞ்சள் நிறப் படிகங்கள் உண்டாயின. அவை மெர்க்குரசு நைட்ரைட்டு என்னும் புதிய சேர்மம் என அவர் கண்டறிந்தார். நிலையற்றவை எனக் கருதப்பட்ட இரு அயனிகள் சேர்ந்து படிகமாகக் கிடைத்தது அக்கால வேதியியலாளரின் கவனத்தை ஈர்த்தது. எதிர்மின்னி (எலக்ட்ரான்) கண்டறியப்பட்டது இதற்கு அடுத்த ஆண்டான 1897 இல்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

அம்மோனியம் நைட்ரைட்டு, சூடேற்றினால் நைட்ரஜனாகவும் நீராகவும் எளிதில் சிதையும் சேர்மம் ஆகும். ராய் தம் மாணவர்களுடன் அதைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆவி அடர்த்தியை அளந்தார். பெரும்பகுதி சிதையாமல் ஆவியாகிறது என்னும் முடிவை 1912 இல் இலண்டன் வேதியியல் கழகத்தில் அளித்தார்.

முறைசார் மின்சுமை வழி விளக்கம்

1916 இல் கில்பர்ட் லூயிஸ், பிணைப்பு என்பது இரு அணுக்கள் பகிர்ந்துகொள்ளும் எதிர்மின்னி இணை என விளக்கினார். இதன் அடிப்படையில் ஒவ்வோர் அணுவுக்கும் முறைசார் மின்சுமை கணக்கிடப்படுகிறது. தனித்த அணுவின் இணைதிறன் எதிர்மின்னிகளின் எண்ணிக்கையிலிருந்து, பிணைப்பில் ஈடுபடாத எதிர்மின்னிகளையும், பிணைப்பு எதிர்மின்னிகளில் பாதியையும் கழித்தால் அது கிடைக்கும். ராய் ஆராய்ந்த அயனிகளுக்கு இக்கணக்கு பின்வருமாறு அமையும்:

நைட்ரைட்டு அயனி: நடுவிலுள்ள நைட்ரஜனுக்கு 5 − 2 − 3 = 0. இரட்டைப் பிணைப்புள்ள ஆக்சிஜனுக்கு 6 − 4 − 2 = 0. ஒற்றைப் பிணைப்புள்ள ஆக்சிஜனுக்கு 6 − 6 − 1 = −1. கூட்டுத்தொகை −1.

அம்மோனியம் அயனி: நைட்ரஜனுக்கு 5 − 0 − 4 = +1. நான்கு ஹைட்ரஜன்களுக்கும் தனித்தனியே 1 − 0 − 1 = 0. கூட்டுத்தொகை +1.

மெர்க்குரசு அயனி: இதில் இரு பாதரச அணுக்கள் ஓர் எதிர்மின்னி இணையால் பிணைந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் 2 − 0 − 1 = +1. கூட்டுத்தொகை +2. ஆகவே ஒரு மெர்க்குரசு அயனிக்கு இரு நைட்ரைட்டு அயனிகள் தேவைப்படுகின்றன.

முறைசார் மின்சுமை என்பது பிணைப்பு எதிர்மின்னிகள் சமமாகப் பங்கிடப்படுவதாகக் கொள்ளும் ஒரு கணக்கு முறையே ஆகும். அணுவில் உள்ள உண்மையான மின்சுமை அன்று. நைட்ரைட்டு அயனியின் இரு ஆக்சிஜன்களும் உண்மையில் ஒத்த தன்மை உடையவை. உடனிசைவு காரணமாக −1 மின்சுமை இரண்டுக்கும் சமமாகப் பரவுகிறது. அம்மோனியத்தில் நைட்ரஜனின் முறைசார் மின்சுமை +1 ஆயினும், ஹைட்ரஜனைவிட (2.20) நைட்ரஜனின் எதிர்மின்னி கவர்திறன் (3.04) மிகுதி என்பதால் நேர்மின் தன்மை ஹைட்ரஜன்களின் பக்கமே விலகி நிற்கிறது. எனினும், ஓர் அயனிக்கு வரையக்கூடிய பல அமைப்புகளுள் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க இக்கணக்கு பெரிதும் உதவுகிறது.

தொழிலும் பொதுப்பணியும்

படித்த இளைஞர்கள் அரசு வேலையை மட்டும் நம்பியிருத்தல் கூடாது எனக் கருதிய ராய், தம் வீட்டிலேயே மருந்துகள் தயாரிக்கத் தொடங்கினார். அம்முயற்சி 1901 இல் பெங்கால் கெமிக்கல்ஸ் என்னும் நிறுவனமாக வளர்ந்தது. இந்தியாவின் பண்டைய வேதியியலை ஆராய்ந்து, இந்து வேதியியல் வரலாறு என்னும் ஆங்கில நூலை 1902, 1909 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார்.

1916 இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியரானார். 1919 இல் பிரித்தானிய அரசு சர் பட்டம் வழங்கியது. 1921 இல் அறுபது வயது நிறைந்ததும், அதன் பின் பெறும் ஊதியம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கே விட்டுக்கொடுத்தார். 1922 இல் வடக்கு வங்காள வெள்ளத்தின்போது துயர்துடைப்புப் பணிக்குத் தலைமை ஏற்றார். 1924 இல் தொடங்கப்பட்ட இந்திய வேதியியல் கழகத்தின் முதல் தலைவரும் இவரே.

மறைவும் நினைவும்

ராய் திருமணம் செய்துகொள்ளவில்லை. இறுதிக் காலத்தில் அறிவியல் கல்லூரி வளாகத்திலேயே ஓர் எளிய அறையில் மாணவர்களுடன் வாழ்ந்து, 1944 ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று காலமானார். 1961 இல் இவரது நூற்றாண்டையொட்டி இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. 2011 இல் பிரித்தானியாவின் ராயல் வேதியியல் கழகம் இவருக்கு வேதியியல் நினைவுச்சின்னப் பட்டயம் அளித்துச் சிறப்பித்தது. ஐரோப்பாவுக்கு வெளியே அக்கழகம் அத்தகைய பட்டயம் அளித்தது அதுவே முதல் முறை ஆகும்.