கல்லுப்பட்டியில் வாழ்ந்த அமைதிச் சான்றோர் ஜே.சி.குமரப்பா

போர் தவிர்க்கப் புலவர் நடந்த வரலாறு தமிழர்க்குப் புதிதன்று. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று கோவூர் கிழார் போரை நிறுத்த முயன்றார். அவர்களெல்லாம் மூண்ட பகையைத் தணிக்க வந்தவர்கள். பகை மூள்வதற்கு முன்னரே அதன் வேர் எங்கே இருக்கிறது என்று தேடியவர்கள் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் மதுரைச் சீமையின் கரிசல் மண்ணில் தம் இறுதி நாள்களைக் கழித்தார். அவரே பொருளியல் அறிஞர் ஜே.சி.குமரப்பா.

உலக அமைதிக்கு உழைத்தோர் என்றதும் அரசியல் தலைவர்களே நம் நினைவுக்கு வருவர். சுவீடன் நாட்டுச் சமதர்மத் தலைவர் யால்மார் பிரான்டிங் மூன்று முறை அந்நாட்டின் தலைமை அமைச்சராக இருந்தவர். 1921-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர். நாடுகள் ஓர் அவையில் கூடிப் பேசினால் போர் ஒழியும் என்று அவர் நம்பினார். குமரப்பா அமைதியைத் தேடிய இடம் வேறு. மனிதன் உண்ணும் சோற்றிலும், உடுக்கும் துணியிலும், விளக்கிற்கு ஊற்றும் எண்ணெயிலும் அமைதியின் விதையோ போரின் விதையோ அடங்கிக் கிடக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. அம்முடிவுக்கு அவர் வந்து சேர்ந்த வழியே அவர்தம் வாழ்க்கை.

பிறப்பும் கல்வியும்

1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கர்னேலியஸ். தந்தை பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். ஒழுங்கையும் நேரந்தவறாமையையும் தந்தையிடமும், ஏழையர்பால் இரக்கத்தைத் தாயிடமும் அவர் கற்றார்.

சென்னையில் பயின்ற பின்னர் இலண்டன் சென்று கணக்காய்வுக் கலை கற்றுத் தேர்ந்து, அங்கேயே தொழிலும் பார்த்தார். முதல் உலகப் போரின் ஆண்டுகளை அந்நகரிலேயே கழித்தார். 1919-இல் தாயின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பிப் பம்பாயில் கணக்காய்வாளராய் அமர்ந்தார். உடையிலும் பழக்கத்திலும் முழு ஆங்கிலேயராகவே அவர் அன்று விளங்கினார். நாட்டு விடுதலை பற்றிய கவலை அவரைத் தீண்டவில்லை.

1927-இல் அமெரிக்கா சென்றார். சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை பயின்று, பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் அரசு நிதியியல் கற்றார். இந்தியா வறுமையுற்றிருப்பது ஏன் என்னும் பொருள் பற்றி அவர் ஆற்றிய உரையொன்று நாளிதழில் வெளிவர, அதனைக் கண்ட பேராசிரியர் அதனையே ஆய்வுப் பொருளாக்கினார். கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பழகிய கண்கள் இப்போது ஒரு பேரரசின் வரவு செலவைப் புரட்டின. ஏழை உழவனிடம் வரியாய் வாங்கிய பணம் படைக்கும் கடனுக்கும் அயல்நாட்டு அலுவலரின் ஊதியத்திற்கும் போவதை அவர் கண்டார். எந்த மேடைப் பேச்சும் மாற்றாத மனிதரை எண்கள் மாற்றின. குடும்பத்தின் பழம்பெயரான குமரப்பா என்பதையே தம் பெயராக ஏற்றுக் கொண்டார்.

காந்தியடிகளைக் கண்ட நாள்

ஆய்வேட்டை நூலாக்கும் எண்ணத்துடன் 1929-ஆம் ஆண்டு மே மாதம் சபர்மதி ஆசிரமம் சென்றார். குறித்த நேரத்திற்கு முன்னரே வந்துவிட்டவர், கைத்தடியை ஊன்றியபடி சுற்றிப் பார்த்தார். சாணமிட்டு மெழுகிய தரையில், மரநிழலில், ஒரு முதியவர் நூல் நூற்றுக் கொண்டிருந்தார். அவரே காந்தியடிகள் என்றறிந்ததும் பட்டுடை அழுக்காவதைப் பொருட்படுத்தாமல் அத்தரையிலேயே அமர்ந்து விட்டார். பின்னர் அவர் எழுந்து பம்பாய் அலுவலகத்திற்குத் திரும்பினாரேனும், அவர் மனம் திரும்பவில்லை.

அவருடைய ஆய்வு ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வெளிவந்தது. குஜராத் வித்யாபீடத்தில் ஆசிரியராகி, மாணவர்களுடன் கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தின் ஊர்களுக்குச் சென்று, வீடு வீடாகக் கேட்டு, உழவர்தம் வரவையும் செலவையும் கணக்கெடுத்தார். உப்பு அறப்போரின்போது ‘யங் இந்தியா’வை நடத்தும் பொறுப்பு அவர் தோள்மீது வந்தது, அதற்குப் பரிசாகச் சிறையும் வந்தது. 1931-இல் காந்தி–இர்வின் உடன்பாட்டால் விடுதலை பெற்றவர், மறு ஆண்டே இரண்டரை ஆண்டுத் தண்டனையுடன் மீண்டும் சிறை புகுந்தார்.

கிறித்தவர் என்ற முறையிலும் அவர் ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அறப்போர் கிறிஸ்துவின் நெறிக்கு ஒத்ததன்று என்று இந்தியாவின் தலைமைப் பேராயர் வெஸ்ட்காட் கருதினார். மலைப்பொழிவின் வழியில் நடப்பவர்கள் தடியடி படும் தொண்டர்களே என்று குமரப்பா அவரை எதிர்த்து வாதிட்டார். தம் சமயத்தை அவர் விட்டுவிடவில்லை. அதனை ஆட்சியின் பிடியிலிருந்து மீட்கவே முனைந்தார்.

கணக்கில் கண்ட அறம்

1934-ஆம் ஆண்டுப் பீகார் நிலநடுக்கத்தின்போது இராசேந்திர பிரசாத் தலைமையில் நடந்த துயர்துடைப்புப் பணியில் நிதிக்குக் காவலராய் நின்றவர் குமரப்பா. தொண்டர் ஒருவரின் ஒரு நாள் உணவுச் செலவு மூன்று அணாவுக்கு மேற்படலாகாது என்று விதித்தார். காந்தியடிகளும் உடன் வருவோரும் அங்கு வந்தபோது, அவர்களுக்கான செலவைத் துயர்துடைப்பு நிதியிலிருந்து தருவதற்கில்லை என்று மறுத்துவிட்டார். அடிகளார் அதனை மகிழ்வோடு ஏற்றார். தலைவர்க்கொரு விதி, தொண்டர்க்கொரு விதி என்பது அவர் கணக்கில் இல்லை. அவரிடம் சினமும் கடுமையும் இருந்தன. ஆயினும் அக்கடுமை முதலில் தம்மீதும், பின்னர்த் தம்மினும் வலியார் மீதுமே பாய்ந்தது.

அவ்வாண்டின் இறுதியில் அனைத்திந்தியக் கிராமத் தொழில் சங்கம் தோன்றியது. அதன் செயலாளர் பொறுப்பேற்று வார்தாவின் மகன்வாடியில் அவர் குடியேறினார். செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், சோப்பு என்று ஒவ்வொன்றாய் எடுத்து ஆராய்ச்சி நடந்தது. மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்னும் விளக்கு உருவாயிற்று. வேட்டிக்கும் கால்சட்டைக்கும் இடைப்பட்டதாக, துணி மிச்சமாகும் ஓர் உடையைத் தாமே வகுத்து அணிந்தார். நஞ்சை நிலத்தைக் கரும்புக்குத் தந்துவிட்டு நெல்லுக்கு ஏங்குவதைவிட, தரிசில் தானே நிற்கும் பனையிடம் வெல்லம் பெறுவதே அறிவுடைமை என்று அவர் வற்புறுத்தினார். கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்த தென்பாண்டி மக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

1938-இல் நேரு தலைமையில் அமைந்த தேசியத் திட்டக் குழுவில் அவரும் இடம் பெற்றார். பெருந்தொழில்களையே நோக்கி அக்குழு நடப்பதைக் கண்டு சில மாதங்களில் விலகிவிட்டார். உடன்பாடில்லாத இடத்தில் பெயரை மட்டும் நிறுத்தி வைக்க அவருக்குத் தெரியாது.

சிறையில் பிறந்த நூல்

வெள்ளையனே வெளியேறு இயக்கக் காலத்தில் உழவனின் தானியத்தை வாங்கிக் கொண்டு மதிப்பிழக்கும் காகிதப் பணத்தைத் தரும் போர்க்கால நிதிமுறையை அவர் சாடினார். மீண்டும் சிறை. ஜபல்பூர்ச் சிறையில் உடல் நலிந்திருந்த நாள்களில் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளியல் என்று தமிழில் சொல்லத்தக்கது. 1945-இல் விடுதலையான பின் அவை வெளிவந்தன. இரண்டிற்கும் காந்தியடிகளே முன்னுரை எழுதினார்.

இயற்கையில் வாழும் உயிர்களை நோக்கி ஐவகைப் பொருளியலை அவர் வகுத்தார். பிற மரத்தை உறிஞ்சி அதனையே கொல்லும் புல்லுருவியின் வாழ்வு முதல்வகை. மாந்தோப்பில் ஏதும் நடாமல், நீரும் ஊற்றாமல், கனியை மட்டும் பறித்துத் தின்னும் குரங்கின் வாழ்வு அடுத்தது. உழைத்துத் தன் பயனைத் தானே துய்ப்பது மூன்றாவது. தனக்கென இன்றிக் கூட்டத்திற்கெல்லாம் தேன் சேர்க்கும் தேனீயின் வாழ்வு நான்காவது. கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையின் தொண்டு ஐந்தாவது. மனிதன் இவற்றுள் எதனையும் தேர்ந்து கொள்ளலாம் என்பதே அவன் பெருமையும் பொறுப்பும் ஆகும்.

அவர்தம் அமைதிக் கொள்கைக்கும் இதுவே அடிப்படை. நிலக்கரி, எண்ணெய், உலோகம் ஆகியவை தேங்கிக் கிடக்கும் செல்வம்; அள்ள அள்ளக் குறைவது. ஓடும் நீர், வளரும் காடு, ஆண்டுதோறும் விளையும் பயிர் ஆகியவை ஓடிவரும் செல்வம்; முறையாய்த் துய்த்தால் குறையாதது. குறையும் செல்வத்தின் மீது வாழ்வைக் கட்டியவர்கள் அதற்காக ஒருவரையொருவர் கொல்லாமல் இருக்க முடியாது. படைக்குறைப்பு மாநாடுகள் எத்தனை கூடினாலும் அந்தப் பசி ஆறாது. ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குபவன் அது விளைந்த வழியில் நேர்ந்த கொடுமையிலும் பங்கு பெறுகிறான். ஆதலின் வாங்குவது ஓர் அறச்செயல். இவையே அவர் கூறியதன் சாரம்.

விடுதலைக்குப் பின்

நாடு விடுதலை பெற்றபின் காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவரானார். 1949-இல் வெளிவந்த அதன் அறிக்கை, இடைத்தரகர் ஒழிய வேண்டும், உழுபவனுக்கே நிலம் சேர வேண்டும், நில உடைமைக்கு உச்ச வரம்பு வேண்டும் என்று தெளிவாய் உரைத்தது. அறிக்கையைப் பெற்றுக் கொண்டவர்கள் அதனை முழுமையாய் நிறைவேற்ற முன்வரவில்லை.

1951-இல் பண்டித சுந்தர்லால் தலைமையில் சென்ற நல்லெண்ணக் குழுவில் ஒருவராய்ச் சீனா சென்றார். அடுத்த ஆண்டு சோவியத் நாட்டையும் கண்டார். உழவர்க்கு அங்கே நிலம் கிடைத்திருப்பதைக் கண்டு மனம் திறந்து பாராட்டினார். வன்முறை வழியைத் தாம் ஏற்கவில்லை என்று அவர் சொல்லியும் பயனில்லை. காந்தியத் தோழர்கள் சிலரே அவர் சிவப்பாகிவிட்டார் என்று முகம் சுளித்தனர். பொதுவுடைமையாளர்க்கோ அவருடைய செக்கும் கைராட்டையும் பழமைவாதமாய்த் தோன்றின. எந்த அணியும் அவரை முழுதாய்த் தன்னவர் என்று கொள்ளவில்லை. அணுகுண்டின் நிழலில் உலகம் இரண்டு பாசறைகளாய்ப் பிரிந்து நின்ற அக்காலத்தில், இருபுறத்தும் உள்ள நன்மையை நன்மை என்றும் தீமையைத் தீமை என்றும் கூறுவதற்கு அவர் கொடுத்த விலை தனிமை.

கல்லுப்பட்டி நாள்கள்

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராசபாளையம் செல்லும் சாலையில் உள்ளது தே.கல்லுப்பட்டி. வெங்கடாசலபதி என்னும் காந்தியத் தொண்டர் 1940-இல் அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தை நிறுவியிருந்தார். இரத்த அழுத்த நோயால் தளர்ந்த குமரப்பா தம் இறுதி ஆண்டுகளுக்கு அவ்விடத்தையே தேர்ந்தார். மணம் புரியாதவர், சொத்தென்று ஏதும் சேர்க்காதவர். இலண்டனிலும் நியூயார்க்கிலும் வாழ்ந்த அவருக்கு ஓர் எளிய குடில் போதுமானதாயிருந்தது.

அக்குடிலில் காந்தியடிகளின் படத்தோடு ஓர் ஏழை உழவனின் படமும் இருந்தது. காண வந்தவர்க்கு அடிகளைத் தம் தலைவர் என்றும், அவ்வுழவனைத் தம் தலைவரின் தலைவர் என்றும் அவர் அறிமுகம் செய்வார் என்பர். தரகரின் கணக்கிலும் அரசின் கணக்கிலும் இறுதி வரியாய் நின்ற மனிதனைத் தம் கணக்கின் முதல் வரியாய் எழுதியவர் அவர். இரசாயன உரமும் உழுவண்டியும் உழவனைக் கடனாளியாக்கும், மண்ணை மலடாக்கும் என்ற எச்சரிக்கையை அவர் அன்றே விடுத்தார். கேட்டவர் சிலர், புன்முறுவலோடு கடந்தவர் பலர்.

அவர்தம் இளவல் பரதன் குமரப்பாவும் காந்தியத்திற்கு எழுத்தால் தொண்டு செய்தவர். 1957-இல் அவர் மறைந்தார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், தம் தலைவர் வீழ்ந்த அதே நாளில், குமரப்பாவின் அறுபத்தெட்டாண்டு வாழ்வு நிறைவுற்றது. 1973-இல் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்ட ‘சிறியதே அழகு’ நூலில் ஷூமாக்கர் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டபோது, கல்லுப்பட்டிக்கு அருகே வாழ்ந்தவர்களே அவர் பெயரைப் பெரும்பாலும் மறந்திருந்தனர்.

சொல்லை ஆள்வோர்க்கு அவர் வாழ்வில் ஒரு பாடம் உண்டு. அமைதியைப் பாடுவது எளிது. அமைதிக்கு ஒத்த சோற்றை உண்பது அரிது. தாம் எழுதிய ஒவ்வொரு வரியையும் தம் உடையாலும் உணவாலும் மெய்ப்பித்துக் காட்டினார் குமரப்பா. தம் வாழ்வைச் சான்றாக வைக்கத் துணியாத எழுத்தை அவர் எழுதவே இல்லை. போரின் வேர் நம் வீட்டு அடுக்களை வரை வந்திருக்கிறது என்று அவர் காட்டினார். அவ்வேரைக் களைய அரசும் படையும் வேண்டியதில்லை. ஒவ்வொருவர் கையும் போதும் என்றும் காட்டிச் சென்றார்.