முதல்ல ஒரு பட்டாணிச் செடி... அப்புறம்தான் ஹரிச்சந்திரன்!

ஜெயங்கொண்டத்துல ஷார்ட் ஃபிலிம் எடுக்கிற காலேஜ் பசங்களுக்கு ஓப்பனிங் ஷாட்னாலே கங்கைகொண்ட சோழபுரம் கோபுரம்தான். (தொல்லியல் துறை அனுமதி தனிக்கதை!) ஆனா, இந்திய சினிமாவின் தந்தை தாதாசாகேப் பால்கே டெஸ்ட் ஷூட்டுக்கு எடுத்துக்கிட்டது தொட்டியில வெச்ச பட்டாணி.

1870-ல் நாசிக் பக்கம் திரிம்பகத்தில் பிறந்தவர். போட்டோ, பிரின்டிங் பிரஸ்னு பல தொழில் பார்த்தவருக்கு 40 வயசு வாக்கில் சினிமா பித்து பிடிச்சது. 1912-ல் லண்டன் போய் வேலை கத்துக்கிட்டு, ஒரு வில்லியம்சன் கேமராவோட திரும்பினார். கையில காசில்லை. 'சும்மா சொன்னா யார் பணம் கொடுப்பாங்க'னு விதையை நட்டு, எதிர்ல கேமராவை நிறுத்திட்டார். ஒரு மாசத்துக்கும் மேல, ஒவ்வொரு ஃப்ரேமா எடுத்தார். நம்ம போன்ல இருக்கிற டைம்-லாப்ஸ்தான், ஆனா கையால! ஓடவிட்டா கொஞ்ச நேரம்தான் வரும். விதை முளைச்சு கொடியா ஏறுறதைப் பார்த்த பிறகுதான் கடன் கிடைச்சது.

அதுவும் போதாம மனைவி சரஸ்வதிபாயின் நகைகள் அடமானத்துக்குப் போச்சு. ஃபிலிம்ல துளை போடுற வேலையையும் அவங்கதான் பார்த்தாங்க. என்னைக் கேட்டா, டைட்டில்ல அவங்க பேரும் வந்திருக்கணும்.

1913 மே 3, மும்பை கொரனேஷன் தியேட்டர்ல 'ராஜா ஹரிச்சந்திரா' ரிலீஸ். ஹீரோயினா நடிக்கப் பெண் யாரும் வரலை. ராணி தாராமதியா நடிச்சது, ஓட்டல்ல வேலை பார்த்த சாலுங்கேங்கிற பையன்.