சொல்லிவைத்தும் நடக்காத கடைசி விருப்பம்: யார் இந்த புத்ததாச பிக்கு?

பிறந்து சில நாளே ஆன குழந்தை. பிழைக்க வாய்ப்பில்லை என்கிறார்கள் டாக்டர்கள். வென்டிலேட்டரை எடுக்கலாமா? உயிரைக் கொல்லாதே என்பதை முதல் சீலமாக ஏற்ற பௌத்தப் பெற்றோருக்கு இது கொலையாகத் தெரியுமா? 1993-ல் இறந்த ஒரு தாய்லாந்து துறவியின் கதையில் இதற்குப் பாதி பதில் இருக்கிறது.

புத்ததாச பிக்கு, தெற்குத் தாய்லாந்தின் சூரத் தானி மாகாணத்தில் 1906-ல் பிறந்தவர். 20 வயதில் துறவி. படிக்க பாங்காக் போனார், அந்த மடங்களின் சூழல் ஒத்துவரல. 1932-ல் ஊர் திரும்பி, கைவிடப்பட்ட ஒரு கோயிலில் தனியாகத் தங்கினார். பின்னாளில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட சுவான் மோக் ஆசிரமம் அங்கேதான் தொடங்கியது.

நான், எனது என்ற பிடிப்பை விடுவதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. மரணமும் இயற்கையின் வேலை, அதைத் தள்ளிப்போடக் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தார்.

1993 மே மாதம் பக்கவாதம் வந்தது. முதலில் ஆசிரமத்திலேயே சிகிச்சை. அப்புறம் சீடர்களுக்குள்ளேயே கருத்து இரண்டுபட்டது. குருவின் சொல்லை மதிக்கணும் என்றது ஒரு தரப்பு. குணமாக வாய்ப்பிருக்கும்போது எப்படிச் சும்மா இருப்பது என்றது இன்னொன்று. கடைசியில் பாங்காக்கின் சிரிராஜ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர்களும் நல்லெண்ணத்தோடுதான் போராடினார்கள், சிக்கலே அதுதான். வாரக்கணக்கில் கருவிகளோடு கிடந்தவரை, இனி முடியாது என்ற நிலையில் சுவான் மோக் கொண்டுவந்தார்கள். ஜூலை 8 அன்று அங்கே இறந்தார். வயது 87.

நாடு முழுக்க விவாதம் கிளம்பியது. பௌத்தத்தில் கர்மம் என்பது செயலின் நோக்கத்தைப் பொறுத்தது. சாகடிக்க நினைத்து ஊசி போடுவது வேறு, பலன் தராத சிகிச்சையை நிறுத்திவிட்டு வலியை மட்டும் குறைப்பது வேறு என்று பலர் வாதிட்டார்கள். எல்லாத் துறவிகளும் இதை ஏற்கிறார்கள் என்றில்லை. 2007-ல் வந்த தேசிய சுகாதாரச் சட்டத்தின் 12-வது பிரிவு, மரணத்தை வெறுமனே தள்ளிப்போடும் சிகிச்சையை எழுத்து மூலம் மறுக்கும் உரிமையைத் தந்தது.

ஆனா குழந்தை எதை எழுதிவைக்கும்? அதற்காக முடிவெடுக்க அப்பா, அம்மா, டாக்டர்தான் இருக்கிறார்கள். தெளிவாகச் சொல்லிவைத்த 87 வயது குருவின் விஷயத்திலேயே, அவரை நேசித்தவர்களால் ஒரு முடிவுக்கு வர முடியல.